க் இருந்த இடம்

சிவப்பு மையில் ஒரு சுழி, க் என்ற எழுத்தின் தலையில் ஏறி, அதன் வயிற்றைச் சுற்றி இறங்கி, தாளின் ஓரத்துக்கு வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, முப்பத்து நான்கு வருஷமாக அப்படியே நிற்கிறது, மை பழுத்துச் செம்மண் நிறமாகிவிட்டது, தாள் மஞ்சளாகி மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது, ஆனாலும் சுழி மட்டும் நேற்றுப் போட்டது மாதிரி இருக்கிறது, இந்த எழுத்தை எடுத்துவிடு என்று அச்சகத்துக்குச் சொல்லும் அடையாளம் அது, மெய்ப்புத் திருத்துகிறவர்கள் எல்லாரும் போடுவதுதான், காந்திமதிநாதனே தன் ஆயுளில் அப்படி ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார், எல்லாவற்றையும் மறந்தாயிற்று, இந்த ஒன்று மட்டும் கண்ணை மூடினால் வருகிறது, கண்ணைத் திறந்தால் அலமாரியில் இலக்கணப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த இடத்தில் இருக்கிறது. இன்று காலை அதை எடுத்து விரித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை, அந்தோணியம்மாள் வந்திராவிட்டால் பார்த்திருக்கவும் மாட்டார், வழக்கம்போல நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

பத்து மணி வாக்கில் வாசலில் ஆட்டோ நின்றது, இறங்கி வந்தவள் நண்பர் சவரிராயனின் மனைவி, சவரிராயன் போய்ச் சேர்ந்து பதினோரு மாதமாகிறது, வருகிற மாதம் முதல் நினைவு நாள், பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் தலைமாட்டில் கல் வைக்கப் போகிறார்கள், கல் வெட்டுகிறவர் இன்றைக்கே வாசகம் வேண்டும் என்கிறாராம், பெங்களூரில் இருக்கும் பேத்தி யாரிடமோ கிடைத்த தாத்தாவின் புத்தகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியதாம், இந்தாங்க அண்ணாச்சி, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஒரு புள்ளி பிசகினாலும் அவுக குழிக்குள்ள கெடந்து பொரளுவாக, நீங்க ஒரு பார்வை பாத்துக் குடுத்துருங்க என்று தாளை நீட்டினாள், நீட்டிவிட்டு, கோமதி என்ன செய்யுதா என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவியைத் தேடிச் சமையலறைக்குள் போய்விட்டாள். தாளில் பெயர் இருந்தது, பிறந்த தேதி, இறந்த தேதி இருந்தது, அவற்றுக்குக் கீழே ஒரு வரி, சவரிராயன் லத்தீனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த வரி, கேட்டவர்க்கு நாளை கொடு. நாளை, ஒரு சின்ன இடைவெளி, கொடு. அந்த இடைவெளியைக் காந்திமதிநாதனுக்குத் தெரியும், அதைச் செய்தவரே அவர்தான்.

சவரிராயனை அவர் முதன்முதலில் பார்த்தது எப்போது, சந்திப்பு ரயில் நிலையத்தில் தபால் பிரிக்கும் ஆபீஸில், பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பார்சலைத் தேடிப் போனபோது, சுவர் முழுக்க அறை அறையாக மரப்பெட்டி, அதற்கு முன்னால் நின்று கடிதங்களை ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தார், தூத்துக்குடி, நாசரேத், வள்ளியூர், கை தானாகப் போகிறது, வாய் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது, என்ன வே செபமா என்று கேட்டதற்கு, இல்லய்யா, கவித என்றார். குருமடத்தில் எட்டு வருஷம் சாமியாருக்குப் படித்தவர், அங்கியைப் போடுவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது எனக்குச் சாமி கூப்பிடுதது கேக்கல என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், வரும்போது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் லத்தீனும்தான், லத்தீனை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் என்ன செய்வது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு ரோமாபுரிக் கவியைப் பதினோரு வருஷமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கவியின் பெயர் காந்திமதிநாதன் வாயில் கடைசிவரை நுழையவில்லை, உங்க ரோமாபுரியார் என்றுதான் சொல்வார், உங்க ரோமாபுரியார் இந்த வாரம் என்ன சொல்லுதாரு என்று கேட்பார், சவரிராயனுக்கு முகமெல்லாம் பூரித்துப் போகும், சாயங்காலம் வீட்டுக்கு வாங்க புலவரே, ஒண்ணு வாசிக்கேன், கேட்டுட்டுப் போங்க என்பார், இவர், நாளைக்கு வாரேன் வே என்பார். நாளைக்கு வாரேன், எத்தனை தரம் சொன்னார், சொல்லும்போதெல்லாம் வரத்தான் நினைத்தார், பொய் சொன்னதாக ஒருநாளும் தோன்றியதில்லை, நாளை என்று ஒன்று எப்போதும் இருந்துகொண்டேதான் இருந்தது.

அந்தப் பாட்டு ஒரு கடிதம், வராத நண்பனுக்கு எழுதியது, அவரைக்காய் வெந்துவிட்டது, அத்திப்பழம் பறித்தாயிற்று, நீ வரவில்லை, அடுத்த வாரம் என்கிறாய், அதற்கடுத்த வாரம் என்கிறாய், நிலத்தை மகனுக்கு விட்டுப் போகலாம், வெள்ளிக் கிண்ணத்தை மருமகனுக்கு விட்டுப் போகலாம், இந்தப் பகலை யாருக்கு விடுவாய், கேட்டவர்க்கு நாளைக் கொடு. அவ்வளவுதான், கடைசி வரி மூன்றே சொல், உன்னிடம் வந்து கேட்கிறவனுக்கு உன் நாளைக் கொடு, உன்னிடம் கொடுக்க இருப்பது அது ஒன்றுதான் என்கிறார் ரோமாபுரியார், இதை எழுதி முடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு புலவரே, அந்த மொழியில இது ரெண்டே சொல்லு, நம்ம மொழியில மூணு என்று சவரிராயன் சொல்லியிருக்கிறார், எப்போது சொன்னார், பேருந்து நிறுத்தத்திலா, இவர் சைக்கிளில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடி தலையாட்டிய அன்றா, காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை, போயிருந்தால் அந்தச் சுழியைப் போட்டிருப்பாரா.

காந்திமதிநாதனை ஊரில் ஒற்றுப் புலவர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்லத் தொடங்கியதுதான், இவருக்கோ அது பட்டம் வாங்கினது மாதிரி இருந்தது, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், மாலை ஐந்து மணிக்குமேல் தெற்கு பஜார் சந்துக்குள் இருந்த ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவார், வழியில் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போவார், அரிசி கடை என்று எழுதியிருந்தால் சைக்கிளை நிறுத்தி இறங்கி, நடுவுல க் போடணும் வே, க் இல்லாம எப்படி அரிசி விக்கேரு என்று கேட்காமல் நகர மாட்டார், தன் கல்யாணப் பத்திரிகையையே ஒரு த் விட்டுப்போனதற்காகத் திரும்ப அடிக்கச் சொன்ன மனுஷர், எடுக்க வேண்டிய இடத்தில் எடுப்பதிலும் அதே கறார், நாளை என்றால் காலத்தைச் சொல்லும் சொல், அதற்குப் பின்னால் ஒற்று மிகாது, நாளை போவான், நாளை கொடு, இது பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவர் வாயில் தேய்ந்துபோன பாடம். அன்றைக்கு நீளத் தாளில் புரூப் வந்தது, சவரிராயனின் புத்தகம், மை உலராத வாசனை, ஒன்றாம் பக்கத்துக் கடைசி வரிக்கு வந்தபோது கண் தானாக நின்றது, நாளைக் கொடு, சவரிராயனுக்கு எட்டு வருஷம் லத்தீன் படித்தும் தமிழ் தகராறுதான் என்று ஒரு சிரிப்பு வந்தது, சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்தார், வாலை ஓரத்துக்கு இழுத்துவிட்டார், ஒரு நொடி வேலை. அர்த்தமும் அவருக்கு இடிக்கவில்லை, கேட்டவனுக்கு நாளை கொடு, உலகம் தெரிந்த ஆள்தான் இந்த ரோமாபுரியார் என்று மெச்சிக்கூடக் கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், நிற்கவில்லையே, அச்சுக் கோக்கிற பேச்சியம்மாள் அந்தப் புரூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், பத்தொன்பது வயது, எட்டாவதோடு நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள், எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றால் அவள் கை பார்க்காமலே போகும், ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிக்கொண்டே வரியை வாசித்துவிடுவாள், சார், ஒரு சந்தேகம் என்றாள், இவர் நிமிரவில்லை, இந்த வரி நாளைக்குன்னு அர்த்தமா, இல்ல நாளுன்னு அர்த்தமா, மேல இந்தப் பகலைன்னு வருது, அப்ப இதும் நாள்தான சார், நாளைக் குடுன்னுதான சொல்லுதாக. அவள் சொன்னது காதில் தெளிவாக விழுந்தது, பேருந்து நிறுத்தத்தில் விழுந்த மாதிரி இல்லை, முழுதாக விழுந்தது, அடுத்த மேஜையில் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒற்றுப் புலவருக்கு வேற்றுமை சொல்லித் தருவதா, காது மடல் சூடானது, எனக்கு நீ இலக்கணம் சொல்லாத பிள்ள, நாளைக்குப் பாப்போம், போய் வேலையப் பாரு என்றார். அவள் சரி சார் என்று போனாள், நாளை வந்தது, அவர் பார்க்கவில்லை, அதற்கடுத்த நாளும் வந்தது, முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலைச் சேர்ந்த பங்குக் கூடத்தில், பூசை முடிந்த கையோடு, சவரிராயன் புதுச் சட்டையின் கழுத்துப் பட்டனைப் பூட்டி மேடையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து நாற்காலியில் காந்திமதிநாதன், முன்வரிசையில் அந்தோணியம்மாள், சிறப்பு விருந்தினராக ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர், நல்ல குரல் வளம், அவர் புத்தகத்தைத் திறந்து முதல் பாட்டின் கடைசி வரியை வாசிக்கிறார், கேட்டவர்க்கு நாளை கொடு, நிறுத்துகிறார், பாருங்கள், ரோமாபுரிக் கவிஞர் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்கிறார், எவன் எதைக் கேட்டாலும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதே, ஒரு நாள் ஆறப்போடு, நாளை கொடு, பொறுமைதான் வாழ்க்கை, என்று ஆரம்பித்து அதையே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார், கூட்டம் சிரித்தது, கை தட்டியது. காந்திமதிநாதனும் தட்டக் கையை எடுத்தார், எடுத்த கை பாதியில் நின்றது, நாள் கூட்டல் ஐ, நாளை, இரண்டாம் வேற்றுமை, அதற்குப் பின்னால் ஒற்று மிகும், ஆறாம் வகுப்பில் அவரே நடத்துகிற பாடம், பேச்சியம்மாள் சொன்னது அத்தனையும் சரி. சவரிராயன் தன் பிரதியை மெல்லத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார், விரலை அந்த இடைவெளியில் வைத்தார், இவர் பக்கம் சாய்ந்து, புலவரே, க் எங்க என்று கேட்டார், கோபமாகக் கேட்கவில்லை, வீட்டில் காணாமல் போன சாவியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல அந்த மேடையில் ஒரு நிமிஷம் இருந்தது, கைதட்டல் ஓயவில்லை, யாருக்கும் கேட்டிருக்காது, இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும், இவர் சொன்னது, அச்சுக் கோக்கிற பிள்ளைக விட்டுருக்கும் வே, அதோடாவது நிறுத்தினாரா, நான் போட்டுத்தான் அனுப்பினேன் என்றும் சேர்த்துச் சொன்னார், அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னது, முப்பத்து நான்கு வருஷத்தில் அவரை அதிகம் சுட்டது அந்த இரண்டாவது வாக்கியம்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் அச்சகத்துக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை, காவலுக்கு இருந்தவர் தெரிந்தவர், உள்ளே சுவரில் கம்பியில் குத்தி வைத்திருந்த புரூப்புகளில் அந்த ஒரு தாளை உருவினார், மடித்தார், சட்டைக்குள் வைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்து கிழிக்கக் கை வரவில்லை, நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம், தன் கையெழுத்தைத் தானே கிழிக்கிற ஆள் இல்லை அவர், இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தார்.

மேடையில் புலவர் சொன்னது முதலாளி காதுக்கும் போயிருந்தது, மறுநாள் சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார், யாரு கோத்த பக்கம் என்றார், நான்தான் என்றாள் பேச்சியம்மாள், புரூப் எங்க, காணோம், புலவர் போட்டு அனுப்பின எழுத்த நீ விட்டிருக்க, ஊரே சிரிக்கி, என் அச்சாபீஸ் பேரு போச்சு. அவள் இவரைப் பார்த்தாள், பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, இப்போது சார் சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை, வகுப்பில் ஒரு பிள்ளை சரியான விடையை எழுதி வைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் வருவதற்குக் காத்திருக்குமே, அப்படி. இவர் ஒரு கல்யாணப் பத்திரிகைப் புரூப்பின்மேல் குனிந்திருந்தார், பிழையே இல்லாத பத்திரிகை, அதை மூன்று தரம் வாசித்தார், மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், பிள்ளைக கவனமா இருக்கணும் என்று பொதுவாகச் சொன்னார், தாளைப் பார்த்துச் சொன்னார். கையிலிருந்த இடுக்கியைப் பேச்சியம்மாள் எழுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள், அப்புறம் வரவில்லை, சவரிராயன் முதலாளியிடம் போய், ஒரு எழுத்துக்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவார்களா என்று சண்டை போட்டதாகக் கேள்வி, முதலாளி இறங்கி வந்தாராம், அவள்தான் வர மாட்டேன் என்றுவிட்டாளாம்.

சவரிராயன் பிழைத்திருத்தம் என்று தாள் அடித்து ஒட்டவில்லை, விற்றுப்போன நாற்பது ஐம்பது போக மீதிப் பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, நீல மையில், சின்னதாக, நிதானமாக, க் போட்டார், ஒரு நாளைக்கு நாலு, ஐந்து, அப்படி ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டார், ரோமாபுரியார் சொன்னபடி நாட்களைக் கொடுத்தே அந்த வரியைத் திருத்தினார் என்று இப்போது தோன்றுகிறது. அதில் ஒரு பிரதியை இவர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார், அன்புள்ள புலவருக்கு என்று எழுதியிருந்தது, அவர் போனதும் இவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், இடைவெளி அப்படியே இருந்தது, நீல மை இல்லை, மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தார், மறக்கிற ஆளா அவர், ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான அறையில் வீசாத கை அது, எல்லாம் தெரிந்துதான் விட்டிருக்கிறார், நீயே போட்டுக்கொள் என்று விட்டிருக்கிறார், காந்திமதிநாதன் பேனாவைத் திறந்தார், மூடினார், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தார்.

அந்தக் கனவு அதற்கப்புறம்தான் வரத் தொடங்கியது, மத்தியானத் தூக்கத்தில் வரும், தபால் ஆபீஸின் அறை அறையான பெட்டிகள், அவையே எழுத்துப் பெட்டியின் அறைகள், ஒருபக்கம் சவரிராயன், மறுபக்கம் பேச்சியம்மாள், இரண்டு பேரும் பேசாமல் வீசிக்கொண்டே இருக்கிறார்கள், வருவதெல்லாம் க், எந்த அறையிலும் சேராமல் தரையில் விழுகிறது, இவர் பொறுக்குகிறார், பொறுக்கிய கை நிறைய ஈயம், பாரம், வெளியே ஓடினால் கடைப் பலகைகளில் ஒன்றிலும் ஒற்று இல்லை, எல்லாரும் இவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், விழித்தால் கை மரத்துப் போயிருக்கும். போன வருஷம் சவரிராயன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆள் மேல் ஆள் விட்டார், புலவரை ஒரு தரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க, இவருக்குப் பயம், அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமே, க் எங்க என்று மறுபடியும் கேட்டுவிட்டால் என்ன சொல்வது, நாளைக்கு வாரேன்னு சொல்லு என்று சொல்லி அனுப்பினார். போனார், மறுநாளே போனார், சொன்ன சொல் தவறாமல் போன ஒரே தரம் அதுதான், சவரிராயன் பேசுவதை நிறுத்தி நாலு மணி நேரம் ஆகியிருந்தது, மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார், கேட்டவர்க்கு நாளை கொடு, தான் திருத்திய வரிப்படி வாழ்ந்த ஒரே மனிதர் காந்திமதிநாதன்தான்.

இப்போது மடியில் கல்லுக்கான தாள், அதன்மேல் பழைய புரூப், இரண்டிலும் அதே இடம், சமையலறையில் அந்தோணியம்மாள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம், காந்திமதிநாதன் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், எழுபத்தாறு வயதுக் கை, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளிக்குள் எழுத்தைப் போட்டார், போட்டதும் வியர்த்துவிட்டது, சரி, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, கல்லில் சரியாக இருந்தால் போதும், சவரிராயனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது, அதற்குள் அவள் வந்துவிட்டாள், தாளை வாங்கிப் பார்த்தாள், சிவப்பைக் கண்டுகொண்டாள், ஏதோ போட்டிருக்கீகளே அண்ணாச்சி என்றாள், ஒரு எழுத்து விட்டுருந்துச்சு தங்கச்சி என்றார், ஓ, அதா, அந்தக் காலத்துல அந்தப் பிள்ள தின்ன எழுத்தா, நல்லவேளை, நீங்க ஒருத்தர் இருக்கப்போய் இன்னைக்கு அது திரும்பி வந்துச்சு, நீங்க நல்லா இருக்கணும் என்று தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் திட்டு வாங்கியிருக்கிறார், கேலி கேட்டிருக்கிறார், இந்த வாழ்த்தைப்போல எதுவும் அவரை அறைந்ததில்லை.

அத இங்க குடுங்க, நாளைக்கு வாங்க, இன்னொருக்கா பாத்துத் தாரேன் என்று வாய் சொல்லிவிட்டது, பழக்கம், நாளைக்கா, கல்லு வெட்டுதவரு காத்துட்டு இருக்காரே என்றாள் அவள், நாளை, அவர் சொன்ன சொல் அவருக்கே திரும்பக் கேட்டது, உட்கார்ந்தபடியே சொன்னார், தங்கச்சி, அந்த எழுத்த அந்தப் பிள்ள தின்னல, நான்தான் எடுத்தேன், தப்புன்னு நெனச்சு எடுத்தேன், அந்தப் பிள்ள வந்து கேட்டுச்சு, வெரட்டிட்டேன், மேடையில உங்க வீட்டுக்காரர்ட்டப் பொய் சொன்னேன், புரூப்பையும் தூக்கிட்டு வந்துட்டேன், இந்தா இருக்கு. சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், சமையலறை வாசலில் கோமதி கையில் தம்ளரோடு நின்றுவிட்டாள், ஊரில் ஒரு ஒற்றெழுத்தைக்கூட விடாத மனுஷரோடு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கும் இது புதிது. அதான் என்றாள் அந்தோணியம்மாள், அதான் அவுக வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அந்தப் பிள்ள வீட்டுக்குக் கேக்கும் முறுக்கும் கொண்டுபோனாகளா, புஸ்தகத்தக் கெடுத்தவளுக்குப் பலகாரமான்னு நான் சண்டகூட போட்டுருக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டாக, ஒரே ஒரு புஸ்தகத்துல மட்டும் எழுதாம வச்சாக, ஏன்னு கேட்டேன், அது அவரு போட வேண்டிய எழுத்துன்னாக, யாருன்னு சொல்லல. கல்லுக்கான தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கிட்டச் சொல்லிட்டீக, அந்தப் பிள்ளைட்டச் சொன்னீகளா என்றாள். இல்லை என்று தலையாட்டினார், நாளைக்கு என்று நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கினார், அவள் வாசலைப் பார்த்து, ஆட்டோ நிக்கி, செருப்பப் போட்டுட்டு வாங்க என்றாள்.

பேச்சியம்மாள் வீடு குலவணிகர்புரத்துக்கு உள்ளே ஒரு சந்தில், கதவு திறந்திருக்கிறது, நான் இங்கன நிக்கேன், நீங்க போங்க என்று அந்தோணியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே தரையில், மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள் ஒருத்தி, நரைத்த தலை, கண்ணாடி, ஆனால் கை பார்க்காமலே போகிறது, இலை, தூள், ஒரு உருட்டு, நூல், அந்தக் கையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, அவர் நிழல் சுளகில் விழுந்ததும் நிமிர்ந்தாள், வாங்க சார் என்றாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல. உக்காருங்க என்றாள், அவர் உட்காரவில்லை, பேச்சியம்மா, இது நான் சுழிச்சது, அன்னைக்கு இத எடுத்து ஒளிச்சதும் நான்தான் என்று பழைய தாளை நீட்டினார். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள், ஜன்னல் பக்கம் பிடித்தாள், மெல்ல வாசித்துக்கொண்டே இறங்கி அந்த வரிக்கு வந்தாள், நான் அன்னைக்கே கேட்டேம்லா சார் என்றாள், கேட்ட என்றார் அவர், நாளைக்குப் பாப்போம்னு சொன்னீக என்றாள், சொன்னேன் என்றார். விழாவுக்கு மறுநா முதலாளி கேக்கையிலும் நீங்க சொல்லிருவீகன்னுதான் இருந்தேன், அப்புறம் ஒரு வாரம் வரைக்கும் இருந்தேன், என்னப் பெத்த ஐயா, படிச்ச திமிரு, வேலையில கண்ணு இல்லன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக, இந்தத் தாள ஒருநா அவுககிட்டக் காட்டியிருந்தாப் போதும். குரல் உயரவில்லை, அழவுமில்லை, அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அவளுக்கு அது தெரிந்திருக்கும்போல.

கல்லுக்கான தாளும் அவர் கையில் இருந்தது, வெட்டப் போகிறவர் காத்திருக்கிறார், நீ ஒரு தரம் பாத்துக் கொடு என்று அதையும் நீட்டினார், ஆயுளில் முதல்முறையாக ஒரு எழுத்தைச் சரிபார்க்க இன்னொருவரிடம் கொடுக்கிறார், பேச்சியம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள், புகையிலைக் கறை படிந்த அவள் கட்டைவிரல் பழைய தாளில் அந்தச் சிவப்புச் சுழியின்மேல் விழுந்து மூடியது, வால் மறைந்தது, கேட்டவர்க்கு நாளைக் கொடு என்று வாய்விட்டு வாசித்தாள், அந்த இரண்டு சொல்லும் முட்டிக்கொள்ளும் இடத்தில் க் அழுத்தமாகக் கேட்டது, காந்திமதிநாதன் அந்த வரியைச் சரியாகக் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை, சாயங்காலம் வாங்க, வாசிக்கேன் என்று சவரிராயன் அத்தனை வருஷம் கூப்பிட்டது இதற்குத்தான். பிறகு புதுத் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், உதடு லேசாக அசைந்தது, பேனா இருக்கா சார் என்றாள், சிவப்புப் பேனாவைக் கொடுத்தார், எழுத்தப் போட்டீக, புள்ளி வைக்கலையே என்றாள், அவர் குனிந்து பார்த்தார், நாளைக கொடு என்றிருந்தது, ஒற்றுப் புலவர் எழுபத்தாறு வயதில் நடுங்கி நடுங்கிப் போட்டு, அந்தோணியம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டது, வெறும் க. புள்ளி இல்லாம அது மெய் ஆகாதுல்லா சார் என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் பழைய தாளை மடித்துத் தன் சுளகுக்கு அடியில் வைத்துக்கொண்டாள், புதுத் தாளைத் தரையில் விரித்து, ஓரத்தைக் கையால் அமர்த்தி, அந்த எழுத்தின் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள்.